பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கும்போதே சண்டையையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் இறங்கினார். செருப்புச் சத்தத்திலேயே அது தெரிந்தது. காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணி, இன்னைக்கு சனிக்கிழமை. மத்தியானம் ஸ்கூல் கமிட்டி இருக்கு."

"தெரியும் தம்பி. நானும் அதுல மெம்பர்தானே."

"அதைத்தான் சொல்ல வந்தேன். மெம்பரா வாங்க. வாத்தியாரா வராதீங்க."

பெரியவள் துணியை உதறி மடித்தாள். கொழுந்தன் விடுவதாக இல்லை.

"கமிட்டிப் பயிற்சி முடிஞ்சுதாமே? சர்டிபிகேட் குடுத்தாங்களா? சுவத்துல மாட்டணும்னா சொல்லுங்க, கடையில ஆணி இருக்கு. கொடுத்தனுப்புறேன்."

"ஆணி இருக்கட்டும். நீங்க ஒரே ஒரு நாள் வந்து உக்காந்திருந்தா போதும். தினமும் உங்க பேரைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. சேர்மன் டைல்ஸ் இறக்கிக்கிட்டிருக்கார்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப்போச்சு."

"எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். அண்ணன் எந்தப் பயிற்சிக்குப் போனார்? ஸ்கூல் ஓடலையா?"

அந்த வீட்டில் இப்போதெல்லாம் சண்டை வந்தால், 'அண்ணன்' என்ற சொல்லை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்குத்தான் வெற்றி. பெரியவள் வாளியை எடுத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். கொழுந்தன் மீசையைத் தடவிக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தார்.

அண்ணன் என்பது பெரியவளின் கணவர். அவரும் பெரியவளுமாகச் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் பல வருஷம் அவர்தான் சேர்மன். போன வருஷம் ஒரு காலை வேளையில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சேர்மன் நாற்காலி தம்பிக்குப் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களே பேசி முடித்து, காலியான மெம்பர் இடத்தைப் பெரியவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூட அப்போது அவளுக்குத் தெம்பில்லை.

அதே பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ், கொழுந்தனின் மனைவி. பெரியவளின் ஓரகத்தி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்.

ஒரே வாசல். கீழே பெரியவள், மேலே அவர்கள். ஒரே தண்ணீர்த் தொட்டி. மோட்டார் போடுவது யார் என்பதில் தொடங்கி எதற்கும் சண்டை வரும் வீடு. இதே ஆட்கள் பள்ளிக்கூடத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால், சேர்மன் சார், ஹெச்.எம். மேடம், மெம்பர். தாலி கட்டியவளையே 'மேடம்' என்று கூப்பிடும்போது கொழுந்தனின் குரலில் ஒரு வெண்கலச் சத்தம் வரும்.

சின்னவள் பின்னாலேயே இறங்கி வந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காருக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அக்கா, என் பொண்ணை என்ன பண்ணினீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"சாயங்காலம் ஆனா உங்க கார்லயே குடியிருப்பா. ஒரு வாரமா கீழ எட்டிக்கூடப் பாக்கல. பெரியம்மாகிட்ட போடின்னா தலைவலிங்குறா. வயித்து வலிங்குறா. திட்டினீங்களா?"

"நான் ஏன் அவளைத் திட்டப்போறேன்?"

"தெரியலையே. இப்பல்லாம் நீங்க யாரை எதுக்குக் கேள்வி கேக்குறீங்கன்னு யாருக்குத் தெரியுது?"

பெரியவள் அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் ஒரு சின்ன முகம் தெரிந்தது. பெரியம்மா பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று மறைந்தது.

"ஒண்ணுமில்ல, போ. லேட்டாகுது."

"ஒண்ணுமில்லைன்னா சரி," என்றாள் சின்னவள். சரி என்று சொன்ன விதத்தில் எதுவும் சரியாக இல்லை.

ஒன்றுமில்லாமல் இல்லை. சென்ற வாரம் ஒரு சாயங்காலம், வழக்கம்போலக் குட்டி காரில் வந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்பு. பாடத்தைச் சொல்லச் சொன்னால் அருவி மாதிரி கொட்டுவாள். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவள். பெரியவள் வண்டியில் கிடந்த போக்குவரத்து விதிப் புத்தகத்தை எடுத்து, "இந்த வரியைப் படி, கண்ணாடி போட மறந்துட்டேன்" என்று நீட்டினாள். உள்நோக்கம் எதுவும் இல்லை. நிஜமாகவே கண்ணாடியை மறந்திருந்தாள்.

குழந்தை புத்தகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாம் எழுத்தைச் சொன்னாள். இரண்டையும் சேர்க்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பாடங்களையெல்லாம் காதால் கேட்டுக் கேட்டு, பதில்களைப் பார்த்து எழுதி எழுதி மனப்பாடமாக வைத்திருக்கிறாள். கேட்காத வரி ஒன்றைக்கூடப் படிக்க வரவில்லை. பெரியவளுக்கு அது புரிவதற்குள் குழந்தைக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க பெரியம்மா."

சொல்ல மாட்டேன் என்று பெரியவள் வாக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு குழந்தை கீழே வரவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது, பெரியவள் வழக்கம்போல் முதுகுக்குத் தலையணையை வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். அந்த சீட் அவள் கணவர் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தது. நெம்புகோலை இழுத்தால் முன்னால் வந்துவிடும். அவர் போனதிலிருந்து அதை அவள் தொட்டதில்லை. ஒரு தலையணையை முதுகில் செருகிக்கொண்டு, நுனிக்காலால் கிளட்ச்சை மிதித்து ஊரெல்லாம் ஓட்டினாள்.

கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கட்டடத்தைச் சுற்றி வருவார்கள். சேர்மன் முன்னால், மற்றவர்கள் பின்னால். சுவரில் விரிசலைத் தடவிப் பார்ப்பது, குழாயைத் திறந்து மூடுவது, கேட்டுக்கு என்ன பெயின்ட் என்று வாதாடுவது. வகுப்பறை வாசலைக் கடக்கும்போது மட்டும், தூங்குகிற குழந்தையைக் கடக்கிற மாதிரி மெதுவாக நடப்பார்கள். உள்ளே பார்க்க மாட்டார்கள். பிறகு மேஜைக்கு வந்தால் தண்ணீர்த் தொட்டி. ரிட்டையர்டு இன்ஜினியர் ஒருவர் மெம்பர். தொட்டி என்றால் அவருக்கு உயிர். தொட்டி முடியும்போது டீ வரும். கடைசியில் படிப்பு. "அதை ஹெச்.எம். பாத்துக்குவாங்க" என்று சேர்மன் சொல்ல, எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பெரியவளின் கணவர் காலத்திலும் இப்படித்தான்.

இன்று டீ வருவதற்கு முன்னாலேயே பெரியவள் வாயைத் திறந்தாள்.

"படிப்பை முதல்ல பேசலாம்."

"தொட்டி என்னாச்சு?" என்றார் இன்ஜினியர்.

"தொட்டி எங்கயும் போகாது சார்."

சேர்மன் சிரித்தார். "பேசலாமே. மேடம், சொல்லுங்க."

சின்னவள் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டாங்கிளாஸ் டீச்சரை வர்ற டெர்ம்ல இருந்து பத்தாவதுக்கு மாத்தணும்னு சேர்மன் சார் சொல்லியிருக்கார். கமிட்டி சம்மதிக்கணும்."

"நல்லா சொல்லித் தர்ற டீச்சர்," என்றார் கொழுந்தன். "கீழ உக்காந்து வீணாப்போறாங்க. மேல வந்தாத்தான் ரிசல்ட்டுக்கு உதவும். வழக்கம்போல வாட்ச் வாங்கிக் குடுத்து கௌரவமா மேல கொண்டு வருவோம். சரிதானே? அடுத்தது தொட்டி."

"ரெண்டாவதுக்கு யாரு வருவாங்க தம்பி?"

"இங்க தம்பி கிடையாது மெம்பர்."

"சரி. ரெண்டாவதுக்கு யாரு வருவாங்க சேர்மன் சார்?"

"யாராவது வருவாங்க. சின்னப் பசங்கதானே. பாட்டுப் பாடி ரெண்டு ஆட்டம் ஆட வச்சா நாள் ஓடிப்போகும்."

சின்னவள் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வந்து, மறுபடி மேஜையைப் பார்த்தாள்.

பயிற்சியில் தொண்டை கட்டிய குரலில் பேசுகிற ஒரு அம்மா வகுப்பெடுத்தார். கட்டடம், கணக்கு எல்லாவற்றையும் ஒரு மூலையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்: உங்கள் பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சொல்லித் தருகிற டீச்சர் எந்த வகுப்பில் இருக்கிறார், யார் சொல்லி அங்கே இருக்கிறார்? பதில் சொல்ல முடியாத கமிட்டி, சுவருக்குத்தான் கமிட்டி, பிள்ளைகளுக்கு இல்லை என்றார். அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பெரியவளிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரரிடமும் இல்லை. அவரும் இதே கமிட்டியில் மெம்பர். 'இந்தத் தடவை விடக் கூடாதும்மா, நான் உங்க பக்கம்' என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொன்னவர்.

பெரியவள் அந்தக் கேள்வியை அப்படியே மேஜையில் வைத்தாள்.

"வருஷா வருஷம் கீழ் வகுப்புல யாரு நல்லா நடத்துறாங்களோ அவங்களை மேல இழுத்துடுறோம். கீழ இருக்குறதுங்க எழுத்துக் கூட்டத் தெரியாமலே மேல வருதுங்க. வந்ததும் இந்த நல்ல டீச்சருங்க பரீட்சைக்குக் கேள்வி பதிலை உருப்போட வைக்கிறாங்க. அதுங்களும் வாந்தி எடுத்துட்டு வந்துடுதுங்க. ரிசல்ட் வருது. படிப்பு வரல."

"யாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியல?" கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு பிள்ளையைக் காட்டுங்க. சும்மா பயிற்சியில சொன்னதை இங்க வந்து ஒப்பிக்காதீங்க. ஒரே ஒரு பிள்ளை. இங்க கூப்பிட்டுப் படிக்க வைப்போம்."

பெரியவளுக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. உங்க பிள்ளைதான். இரண்டே சொல். சொன்னால் அந்த மீசை அப்படியே தொங்கிவிடும். இந்த ஒரு வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேச்சுக்கும் அந்த இரண்டு சொல் போதும்.

சின்ன விரல்கள் தன் கையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. வாயில் வந்ததை விழுங்கினாள்.

"பிள்ளையைக் கொண்டு வந்து நிறுத்துறது கமிட்டி வேலை இல்ல," என்றாள்.

"பாத்தீங்களா? ஆள் இல்ல." கொழுந்தன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு, வைத்திருந்த துருப்பை இறக்கினார். "சரி, நான் ஒண்ணு கேக்குறேன் மெம்பர். கீழ இருக்குற நல்ல டீச்சரை மேல கொண்டு வர்ற இந்த வழக்கத்தை ஆரம்பிச்சது யாரு?"

கொழுந்தன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நான் சொல்றேன். எங்க அண்ணன். முதல் வாட்ச்சை யாருக்குக் குடுத்தார்? இதோ, நம்ம ஹெச்.எம். மேடத்துக்கு. ரெண்டாங்கிளாஸ்ல இருந்தவங்க. இன்னமும் அதைத்தான் கட்டியிருக்காங்க. இப்ப சொல்லுங்க. அண்ணன் முட்டாளா?"

சின்னவளின் மணிக்கட்டில் அந்த வாட்ச் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவள் கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.

சேர்மன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரியவளின் கணவர் போட்டோ. கழுத்து வரை பித்தான் போட்டு, லைசென்ஸுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. பெரியவள் அதைப் பார்த்தாள். இவருக்கு எதிராக ஒரு நாள் பேசும்படி ஆகும் என்று அவள் நினைத்ததில்லை. பேசாமல் இருந்துவிடலாம். தொட்டிக்குப் போய்விடுவார்கள். டீ வந்துவிடும். அவர் பெயர் சுவரில் பத்திரமாக இருக்கும்.

"ஆமா. அவர்தான் ஆரம்பிச்சார்."

"அப்ப?"

"அவர் பண்ணது தப்பு."

அவளே தொடர்ந்தாள்.

"எங்க டிரைவிங் ஸ்கூல்ல அவர் என்ன பண்ணுவார்னு இங்க எல்லாருக்கும் தெரியும். வண்டியைத் தொட்டே பாக்காதவங்க வந்தா, அவரேதான் பக்கத்துல உக்காருவார். நடுங்குறவங்களை வேற யார் கையிலயும் விட மாட்டார். டெஸ்ட்டுக்குத் தயாரா இருக்குறவங்களைத்தான் மத்தவங்க கையில குடுப்பார். வண்டியில அவருக்குத் தெரிஞ்சது ஸ்கூல்ல தெரியல. ஏன்னா வண்டி சொல்லிக் குடுக்க, பரீட்சை வச்சு லைசென்ஸ் குடுத்தாங்க. இந்த நாற்காலியில உக்கார அவரை யாரும் ஒண்ணும் கேக்கல. நல்ல மனுஷன்னு உக்கார வச்சாங்க. நல்ல மனுஷன்தான். ஆனா தப்பு பண்ணிட்டார்."

கொழுந்தன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"அவர் போட்டோவுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு! வேற யாராவது சொல்லியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன். கட்டுன பொண்டாட்டி. போனவர் வந்து பதில் சொல்ல மாட்டார்னு தெரிஞ்சு பேசுறீங்க."

"பதில் சொல்ல அவர் இருந்தா, வீட்டிலேயே பேசி முடிச்சிருப்பேன்," என்றாள் பெரியவள்.

"ஓட்டுக்கு விடுறேன். மாத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க." கொழுந்தன் கையைத் தூக்கினார்.

இன்னொரு கையும் எழுந்தது. மருந்துக்கடைக்காரரின் கை. பெரியவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கோச்சுக்காதீங்கம்மா. நீங்க சொல்றது சரிதான். ஆனா என் பையன் இந்த வருஷம் பத்தாவது."

"உங்க பையனுக்கு ரெண்டாவதுல யாரு நடத்தினாங்க?"

"மேடம்தான்," என்றார் அவர். "அதனாலதான் நல்லா படிக்கிறான்." சொல்லிவிட்டுத் தன் பேச்சு தன்னையே இடித்ததுபோல் முழித்தார். கை மட்டும் இறங்கவில்லை.

"வேண்டாம்ங்கறவங்க?"

பெரியவள் கை தூக்கினாள். யாரும் எதிர்பார்க்காமல் இன்ஜினியரின் கையும் எழுந்தது.

"என்ன சார் நீங்களும்?"

"அஸ்திவாரத்துல இருக்குற கல்லை உருவி மொட்டை மாடியில வைக்கிறீங்க. இது எனக்கே புரியுது," என்றார் அவர். "தொட்டியை இன்னைக்கு முடிச்சுடலாம்ல?"

இரண்டுக்கு இரண்டு. இன்னும் ஓட்டுப் போடாதது ஒரே ஆள்.

"மேடம்," என்றார் கொழுந்தன். வெண்கலச் சத்தம் கொஞ்சம் கூடவே வந்தது.

சின்னவளின் கை மேஜைக்கு அடியில் இருந்து வரவில்லை.

"நான் யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அடுத்த சனிக்கிழமை சொல்றேன், சேர்மன் சார்."

கொழுந்தன் மனைவியைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். காலையில் முறைத்துக்கொண்டு நின்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அவர் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மனைவியை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டார்.

டீ அப்போதுதான் வந்தது. யாரும் தொடவில்லை.

வெளியே வந்த பெரியவள் காரைத் திறந்தாள். உட்காரப் போனவள், தலையணையை எடுத்துப் பின் சீட்டில் எறிந்தாள். குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த நெம்புகோலை இழுத்தாள். முதலில் வரவில்லை; இறுகிப்போயிருந்தது. இரண்டாம் தடவை பலமாக இழுத்ததும், கிறீச்சென்று சீட் முன்னால் வந்து நின்றது. அவள் கால் முழுப் பாதத்தோடு பெடலில் பதிந்தது.

சின்னவள் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏறு."

"நான் ஆட்டோவுல வந்துக்கிறேன்."

"ஒரே வீட்டுக்குப் போறதுக்கு ரெண்டு வண்டியா? ஏறு. பேச வேணாம்."

ஏறினாள். அது சொல்லித் தருகிறவர் உட்காருகிற சீட். கற்றுக்கொள்ள வருகிறவர் தடுமாறினால் நிறுத்துவதற்கு அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. சின்னவளுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் திருப்பத்திலேயே பயந்து அதை மிதித்துவிட்டாள்.

"காலை எடு."

"தெரியாம பட்டுடுச்சு."

"உன் வீட்டுக்காரர் மாதிரியே. ஓட்டத் தெரியாது, பிரேக் மட்டும் நல்லா போடுவீங்க."

"என்னையும் அவரையும் ஒண்ணா கட்டாதீங்க. நீங்க மட்டும் யோக்கியமா? அத்தனை பேர் முன்னாடி மாமாவைத் தப்புன்னு சொல்லிட்டீங்க. இந்த வாட்ச்சை அவர் கட்டி விட்டப்ப எங்கப்பா அழுதார், தெரியுமா? அதையும் சேர்த்துத்தான் இன்னைக்குக் குப்பையில போட்டீங்க."

"உனக்கு ரெண்டாங்கிளாஸை விட்டு வர இஷ்டம் இருந்துச்சா?"

சின்னவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கார் கடைத்தெருவைக் கடந்தது.

தெருமுனை திரும்பியதும் வீடு தெரிந்தது. கொழுந்தனின் வண்டி வாசலில் கோணலாக நின்றது. மாடி ஜன்னலில் குட்டி நின்றாள். காரைக் கண்டதும் இந்தத் தடவை மறையவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வண்டியில் வருவதைக் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் சட்டென்று நின்றது. பெரியவள் தன்னையறியாமல் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். சின்னவளின் கால் அந்தப் பக்கத்துப் பிரேக்கில் அழுந்தியிருந்தது. இது பயந்து மிதித்தது இல்லை.

"அக்கா."

"சொல்லு."

சின்னவள் நேராக ரோட்டையே பார்த்தாள். வாட்ச்சை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எழுத்துக் கூட்டத் தெரியலைன்னீங்களே, அதனாலதான் அவ கீழ வரலையா? எந்தப் புத்தகத்தைப் படிக்கக் குடுத்தீங்க? ஸ்கூல் புத்தகமா, வேற புத்தகமா?"

பெரியவள் மாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் பதிந்திருந்த அந்த முகம் அசையவில்லை. சொல்ல மாட்டேன் என்று அந்த முகத்துக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் இருப்பவளின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.

பெரியவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது.